பெயர் பெற்ற தவளைகள்

நுழையும்முன்

ஓர் உயிருக்குப் பெயரிடுவது எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால், விரல் நுனியில் அமரக்கூடிய ஒரு சிறு தவளைக்குப் பெயரிட ஆராய்ச்சியாளர்கள் மழைக்கால இரவுகள் பலவற்றைக் காட்டில் கழிக்கின்றனர். நூறாண்டுக்கு முந்தைய மாதிரிகளைத் தேடி அருங்காட்சியகங்களுக்குச் செல்கின்றனர். ஏன் இத்தனை உழைப்பு? பெயர் பெற்ற உயிருக்கும் பெயர் பெறாத உயிருக்கும் என்ன வேறுபாடு? மூணாறு மலைகளில் வாழும் தவளைகளின் வழியாக இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

மேகம் இறங்கும் ஊர்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மாட்டுப்பட்டி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் இது. மாடுகளை அடைத்து வைக்கும் இடத்தைப் 'பட்டி' என்பது தமிழ் வழக்கு. பெயருக்கேற்ப, 1963ஆம் ஆண்டு முதல் இங்குக் கால்நடை வளர்ப்புக்கான இந்திய–சுவிஸ் திட்டம் நடைபெற்றது. 1953இல் கட்டி முடிக்கப்பட்ட அணையும் நீர்த்தேக்கமும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களும் பயணிகளை ஈர்க்கின்றன. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இம்மலையே சொந்த ஊர்.

பகலில் வந்த பயணிகள் மாலையில் திரும்பிவிடுவர். தவளைகளைத் தேடுவோரின் வேலை அதன் பிறகுதான் தொடங்கும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், மலைமுகடுகளிலிருந்து மேகம் மெல்ல இறங்கி மரங்களுக்கிடையே புகுந்துகொள்ளும். இருட்டியதும் புதர்களிலிருந்து 'டிக், டிக்' என ஓர் ஒலி எழும். சற்றுத் தொலைவில் மற்றொன்று அதற்கு விடை கூறுவதுபோல ஒலிக்கும். சிறிது நேரத்தில் மலைச்சரிவு முழுவதும் ஒலிகளால் நிறைந்துவிடும். பூச்சிகளின் ஒலி என்றே பலரும் எண்ணுவர். ஆனால், அவ்வொலிகளுள் பல புதர்த்தவளைகளின் குரல்கள்.

சோலை என்னும் தீவு

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் புல்வெளிகளும் அவற்றின் இடையிடையே அடர்ந்த சிறு காடுகளும் காணப்படுகின்றன. இக்காடுகளைச் 'சோலை' என்கிறோம். இத்தமிழ்ச் சொல்லையே உலக அறிவியலாளர்களும் இக்காட்டு வகைக்குப் பெயராகப் பயன்படுத்துகின்றனர். மலை மடிப்புகளில், நீரோடைகளின் ஓரங்களில் சோலைகள் வளர்கின்றன. காற்றின் வேகத்தால் மரங்கள் அதிக உயரம் வளர்வதில்லை. அவற்றின் தண்டுகளிலும் கிளைகளிலும் பாசி படர்ந்திருக்கும். மேகம் சோலையைக் கடந்து செல்லும்போது அதிலுள்ள நுண்துளிகள் இலைகளிலும் பாசியிலும் படிந்து சொட்டும். மழை பெய்யாத நாளிலும் சோலையின் தரை ஈரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஈரமே தவளையின் உயிர். தவளைகள் நுரையீரலால் மட்டுமன்றித் தோலாலும் சுவாசிக்கின்றன. தோல் உலர்ந்தால் அவை வாழ இயலாது. பெரும்பாலான தவளைகள் நீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வெளிவந்து, வளர்ந்து தவளையாகும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். புதர்த்தவளைகள் இவ்விதிக்கு விலக்கானவை. அவை இலைகளின் மீதோ ஈரச் சருகுகளின் அடியிலோ முட்டையிடுகின்றன. நீந்தித் திரியும் தலைப்பிரட்டைப் பருவம் அவற்றுக்கு இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முழுவதும் நடைபெற்று, மிகச் சிறிய தவளைக்குஞ்சு நேரடியாக வெளிவருகிறது. குளம் தேவையில்லை, ஆனால், முட்டை உலராதிருக்க ஈரக்காற்று கட்டாயம் தேவை.

ஆகவே, குளிர்ந்த மலையுச்சியில் வாழப் பழகிய ஒரு புதர்த்தவளை வெப்பமும் வறட்சியும் மிக்க பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்வது அரிது. கடல் சூழ்ந்த நிலம் தீவாவதுபோல, தாழ்நிலம் சூழ்ந்த மலையுச்சியும் ஒரு தீவாகிறது. தனித்தனித் தீவுகளில் பல இலட்சம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த கூட்டங்கள் சிறிது சிறிதாக மாற்றமடைந்து, தனித்தனி இனங்களாகின்றன. இம்மலைத்தொடரில் தவளை இனங்கள் மிகுந்திருப்பதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

கணவாயின் இரு பக்கங்கள்

மூணாறு மலைகளுக்கு வடக்கே, நெல்லியாம்பதிக்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலை திடீரெனத் தாழ்ந்து இடைவெளி விடுகிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். இதன் அகலம் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே தொடர்வண்டியும் சாலையும் செல்ல வசதியான வழி இது. மனிதருக்கு வழியான இவ்விடைவெளி, மலைத்தவளைக்கோ கடக்க இயலாத தடை.

இதற்கு நல்ல சான்று உண்டு. நீலகிரியில் வாழும் மரத்தவளை ஒன்றை ஜெர்டன் என்னும் ஆங்கிலேய இயற்கை அறிஞர் 1853இல் உலகுக்கு அறிவித்தார். கணவாய்க்குத் தெற்கே பழனி மலை போன்ற இடங்களில் காணப்பட்ட தவளைகளும் அதே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2008இல் எஸ். டி. பிஜுவும் அவருடன் ஆய்வு செய்தோரும் இரண்டையும் உடலமைப்பாலும் மரபணுவாலும் ஒப்பிட்டனர். தெற்கே வாழ்வது வேறோர் இனம் என உறுதியாயிற்று. அதன் கண்மணியைச் சூழ்ந்த கோலம் விண்மீன்போல் விரிந்திருப்பதால், 'விண்மீன் கண்' என்னும் பொருளில் 'அஸ்டெராப்ஸ்' என்று பெயரிட்டனர். ஒன்றரை நூற்றாண்டாக ஒரே பெயருக்குள் இரண்டு உயிர்கள் மறைந்திருந்தன.

குரலைத் தேடி

'தவளை தன் வாயால் கெடும்' என்பது பழமொழி. ஆராய்ச்சியில் நிலைமை வேறு. இங்குத் தவளை தன் வாயால் அடையாளம் பெறுகிறது.

புதர்த்தவளைகளுள் பெரும்பாலானவை 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளவை. இரவில், மழையில், இலைகளுக்கிடையே அவற்றைக் கண்ணால் தேடிக் காண்பது கடினம். எனவே, ஆராய்ச்சியாளர்கள் முதலில் செவியைப் பயன்படுத்துகின்றனர். இணையை அழைக்க ஆண் தவளையே இவ்வாறு குரலெழுப்பும். அதன் தொண்டைக்கடியில் உள்ள குரற்பை காற்றால் உப்பி, ஒலியைப் பெருக்கும். ஒவ்வோர் இனத்தின் அழைப்பும் தனித்தன்மை உடையது. தன் இனத்து ஆணின் குரலைப் பெண் தவளை பிறவற்றினின்று பிரித்தறிகிறது.

ஆராய்ச்சியாளர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியுடன் குரல் வரும் திசையில் மெதுவாக நடப்பார். காலடி ஓசை கேட்டால் தவளை அடங்கிவிடும். அது மீண்டும் பாடும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும். குரலைப் பதிவு செய்யும்போது காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்வார். ஏனெனில், தவளையின் உடல் வெப்பநிலை சூழலுக்கேற்ப மாறும். குளிர் மிகுந்தால் அழைப்பின் வேகம் குறையும். இக்குறிப்பு இல்லாவிட்டால், குளிரில் மெதுவாகப் பாடிய தவளையை வேறோர் இனம் எனத் தவறாக முடிவு செய்ய நேரிடும்.

அளத்தலும் ஒப்பிடுதலும்

தவளை கிடைத்ததும் அது உயிருடன் இருக்கும்போதே ஒளிப்படம் எடுப்பது இன்றியமையாதது. பாதுகாக்கப்பட்ட மாதிரிகளில் நிறம் நாளடைவில் மங்கிவிடும். அடுத்து உடலின் நீளம், கண்ணின் விட்டம், செவிப்பறையின் அளவு, விரல்நுனி வட்டுகளின் அகலம், விரலிடைச் சவ்வின் பரப்பு ஆகியவற்றை நுட்பமாக அளப்பர்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது தவறு. ஒரே இனத்தைச் சேர்ந்த தவளைகள் பச்சை, பழுப்பு, மஞ்சள் எனப் பல நிறங்களில் இருக்கலாம். 2009இல் பெயரிடப்பட்ட புதர்த்தவளை ஒன்றுக்கு 'மிகுந்த வேறுபாடு' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் பெயர் அமைந்ததே இதற்குச் சான்று. மாறாக, பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு தவளைகள் வெவ்வேறு இனங்களாக இருக்கலாம். ஒன்றைப் பலவாக எண்ணுவதும் பலவற்றை ஒன்றாக எண்ணுவதும் வகைப்படுத்துவோர் தவிர்க்கவேண்டிய இருவகைப் பிழைகள்.

கையில் உள்ள தவளை புதியதுதானா என்று அறிய, முன்னர்ப் பெயர் பெற்ற எல்லா உறவினங்களுடனும் அதை ஒப்பிட வேண்டும். ஓர் இனத்துக்குப் பெயரிடும்போது, அப்பெயருக்குச் சான்றாக ஒரு மாதிரியை அருங்காட்சியகத்தில் வைப்பது மரபு. இதனை 'வகைமாதிரி' என்பர். நிலத்துக்கு எல்லைக்கல் எப்படியோ, இனத்தின் பெயருக்கு வகைமாதிரி அப்படி.

எல்லைக்கல் காணாமற்போனால் என்ன செய்வது? பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பணியாற்றிய சி. ஆர். நாராயண ராவ், தென்னிந்தியத் தவளைகள் பலவற்றை 1937இல் விவரித்தார். அவர் சேர்த்து வைத்த வகைமாதிரிகள் பின்னாளில் தொலைந்துபோயின. எழுத்து விளக்கம் மட்டுமே எஞ்சியது. அவர் பெயரிட்ட தவளை எதுவென்று அறிய, பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அவர் குறிப்பிட்ட இடங்களுக்கே மீண்டும் சென்று தேட வேண்டியதாயிற்று.

மரபணு கூறும் உறவு

இன்று ஒப்பீட்டுக்கு மற்றொரு வழியும் உள்ளது. தவளையின் திசுவில் மிகச் சிறிய அளவை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படிக்கின்றனர். குறிப்பாக, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சில மரபணுக்களை இனங்களுக்கிடையே ஒப்பிடுகின்றனர். வேறுபாடு குறைவாயின் உறவு நெருக்கம். மிகுதியாயின் உறவு தொலைவு. இவ்வொப்பீட்டைக் கொண்டு, ஒரு குடும்பத்தின் வம்சாவளியைப்போல இனங்களின் கிளைமரம் வரையப்படுகிறது.

ஆயினும், மரபணு ஒன்றே தீர்ப்பு வழங்குவதில்லை. குரல், உடலமைப்பு, வாழிடம், மரபணு ஆகிய சான்றுகள் ஒருசேர ஒரே முடிவைக் காட்டும்போது அம்முடிவு வலுப்பெறுகிறது. பின்னர் முழு விளக்கமும் ஆய்விதழுக்கு அனுப்பப்படும். துறை அறிஞர்கள் படித்து ஆராய்ந்த பிறகே அது வெளியாகும். அன்றுதான் அத்தவளை அறிவியல் உலகில் பெயர் பெறுகிறது.

இவ்வாறு 2009இல் பிஜுவும் பெல்ஜிய நாட்டு அறிஞர் பிராங்கி போசுயிட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளுள் 12 புதிய இனங்களை ஒரே ஆய்வில் விவரித்தனர். அவற்றுள் ஒன்றின் பெயர் மூணாறின் பெயரால் அமைந்தது. மற்றொன்று, பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதியில் உள்ள 'கைகாட்டி' என்னும் இடத்தின் பெயரைத் தாங்கியது.

தெரிந்து தெளிவோம்
ஓர் இனத்தின் அறிவியல் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் அப்பேரினத்துக்குள் தனி இனத்தையும் குறிக்கும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூலே விலங்குகளின் பெயரீட்டுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

ஆனைமுடியின் வியப்பு

மாட்டுப்பட்டிக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரம் இதுவே. இதன் உச்சிப்பகுதியில் விந்தையான தவளையொன்று கண்டறியப்பட்டது. அதன் உடல் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தது. முதுகிலும் கால்களிலும் பருத்த சுரப்பிகள் நிறைந்திருந்தன. கால்களோ மிகக் குட்டையானவை. மரமேறி வாழும் தவளையின் தோற்றம் அதற்கு இல்லை. அது தரையில் வாழ்ந்தது.

இதனை எக்குடும்பத்தில் சேர்ப்பது? தோற்றத்தை மட்டும் பார்த்திருந்தால் மரத்தவளைக் குடும்பம் எவருடைய நினைவுக்கும் வந்திராது. மரபணுவோ அது மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும், மரங்களிலும் புதர்களிலும் வாழும் புதர்த்தவளைகளின் நெருங்கிய உறவு என்றும் காட்டியது. குளிர்ந்த புல்வெளியில் தரைவாழ்வுக்குப் பழகியதால் அதன் தோற்றம் மாறியிருந்தது. 'ஒளிர்வது' என்னும் பொருளில் 2010இல் அதற்கு 'ரெஸ்ப்ளெண்டென்ஸ்' எனப் பெயரிட்டனர்.

அதே கட்டுரையில் இன்னொரு பெயரும் பிறந்தது. அதுவரை இம்மலைப் புதர்த்தவளைகள் 'பிலாட்டஸ்' என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குத் தனிப் பேரினம் தேவை எனக் கண்ட ஆராய்ச்சியாளர்கள், நாராயண ராவின் நினைவாக 'ராவோர்கெஸ்டஸ்' என்னும் பெயரை அமைத்தனர். முந்தைய ஆண்டு பெயர் பெற்ற மூணாறுத் தவளையும் இப்புதிய பேரினத்துக்கு மாறியது. அக்கட்டுரை வெளியான இதழ் 'கரண்ட் சயின்ஸ்'. 1932இல் தொடங்கப்பட்ட அவ்விதழின் முதல் ஆசிரியர் நாராயண ராவே. அவருடைய மாதிரிகள் தொலைந்தன. அவர் பெயரோ மலைச்சோலைகளில் ஒலிக்கும் குரல்களுடன் நிலைபெற்றுவிட்டது.

வகைப்பாடு மாறுகிறதே, அப்படியானால் முன்னது பிழையா என்று கேட்கத் தோன்றும். புதிய சான்று கிடைக்கும்போது தன் முடிவைத் திருத்திக்கொள்வது அறிவியலின் குறையன்று. அதுவே அதன் வலிமை.

பெயரும் பாதுகாப்பும்

செம்மஞ்சள் தவளை கண்டறியப்பட்டபோது, அதன் வாழிடம் 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவானது என மதிப்பிடப்பட்டது. பிற்காலத் தேடல்களில் இரவிகுளம் பூங்காவின் வேறு சில இடங்களிலும் அது காணப்பட்டது. ஆயினும், உலகில் வேறெங்கும் அது இல்லை. வெப்பநிலை உயர்ந்தால் தாழ்நில உயிர்கள் மேல்நோக்கி நகரலாம். உச்சியில் வாழும் உயிர் எங்கே செல்லும்?

மூணாறு மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சோலைகளும் புல்வெளிகளும் தேயிலைத் தோட்டங்களாக மாறின. அயல்நாட்டு மரங்களான தைலமரமும் வாட்டில் மரமும் நடப்பட்டன. எஞ்சிய சோலைகள் துண்டுதுண்டாக நிற்கின்றன. தோட்டங்கள் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றன. அவற்றைப் பழித்துப் பயனில்லை. எஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளில் எவ்வுயிர் வாழ்கிறது என்று அறிந்தால்தான், எத்துண்டை எப்படிக் காப்பது என முடிவெடுக்க முடியும்.

இங்குதான் பெயரின் தேவை விளங்குகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஓர் உயிரைச் சேர்க்க அதற்கு முறையான பெயர் வேண்டும். 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இருவாழ்வி இனங்களுள் ஏறத்தாழ 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன. இக்கணக்கு, பெயர் பெற்ற இனங்களைப் பற்றியது மட்டுமே. பெயர் பெறுமுன் மறைந்தவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பெயர் இருந்ததால் மீண்டும் கிடைத்த தவளையும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பச்சைநிறப் புதர்த்தவளை ஒன்று 1874க்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. ஆனால், அதன் பெயர் ஏடுகளில் இருந்தது. 'இது எங்கே போயிற்று?' என்று கேட்க அப்பெயர் இடமளித்தது. காணாமற்போன இருவாழ்விகளைத் தேடும் முயற்சி 2010இல் தொடங்கியது. 136 ஆண்டுகளுக்குப் பின் அத்தவளை மீண்டும் கண்டறியப்பட்டது. பெயரில்லாத உயிரை யாரும் தேட முடியாது. அது இல்லாமற்போனதையும் யாரும் உணரமாட்டார்கள்.

மாட்டுப்பட்டியில் இவ்வாண்டும் மழை வரும், மேகம் இறங்கும், புதர்களில் குரல்கள் எழும். அவற்றுள் எத்தனைக்குப் பெயர் உண்டு, எத்தனைக்கு இல்லை என்பதை அறிய முதலில் செய்யவேண்டியது, நின்று கேட்பதே.

சொல்லும் பொருளும்
பட்டி – கால்நடைகளை அடைக்கும் இடம்
முகடு – உச்சி
சருகு – உலர்ந்து உதிர்ந்த இலை
கணவாய் – மலைகளுக்கிடையே உள்ள வழி
இருவாழ்வி – நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்
வகைமாதிரி – இனத்தின் பெயருக்குச் சான்றாக வைக்கப்படும் மாதிரி

பயிற்சி

அ) பிரித்து எழுதுக.
1. மாட்டுப்பட்டி 2. குரற்பை 3. இவ்விடைவெளி 4. செவிப்பறை

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மழை பெய்யாத நாளிலும் சோலையின் தரை ஈரமாக இருப்பது ஏன்?
2. குரலைப் பதிவு செய்யும்போது வெப்பநிலையையும் குறிப்பதன் காரணம் யாது?
3. 'அஸ்டெராப்ஸ்' என்னும் பெயர் எதனால் வந்தது?

இ) பத்து வரிகளில் விடை எழுதுக.
1. புதிய தவளை இனம் ஒன்று பெயர் பெறும் படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.
2. 'பெயரில்லாத உயிரை யாரும் தேட முடியாது' – பாடக் கருத்துகளைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

ஈ) செய்து பார்க்க.
மழை பெய்த இரவில், பெரியவர் ஒருவருடன் உங்கள் வீட்டு வாயிலில் நின்று, கேட்கும் ஒலிகளை எழுதுக. நாள், நேரம், வானிலை ஆகியவற்றையும் குறிக்க. எந்த உயிரையும் தொடவோ பிடிக்கவோ வேண்டா.